வீட்டுக்கு வந்த விருந்தாளி: தமிழரசுக் கட்சிக்கு ஒரு திறந்த மடல்

இலங்கைத் தமிழரசுக் கட்சியின் மத்திய குழுவில் இருப்பவர்களுக்கும் தொகுதிக் கிளைகளில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

நான் கட்சிக்காரன் இல்லை. உங்கள் வீட்டுச் சின்னத்துக்குப் புள்ளடி போட்டுப் பழகிய கை என்னுடையது. ஒருமுறை மட்டும் கோபத்தில் வேறெங்கோ போட்டது. எங்கே என்று கேட்காதீர்கள். முப்பது வருடம் கணக்குப் படிப்பித்து ஓய்வெடுத்து, இப்போது கோண்டாவிலில் வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

மாகாண சபைத் தேர்தல் எப்போது வரும் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். 2018 ஒக்டோபரில் வடக்கு சபையின் காலம் முடிந்தது. அதன் பிறகு எல்லாம் ஆளுநர் ஆட்சிதான். இருந்தும் சந்தியில் நாலு பேர் கூடினால் அடுத்த முதலமைச்சர் வேட்பாளர் யார் என்ற கதை எப்படியோ வந்துவிடுகிறது. போன கிழமை தேநீர்க் கடையில் ஒருவர் சொன்னார்: "கட்சிக்குள்ள ஒருத்தரும் சரிவராது. வெளியால ஒரு நல்ல ஆளைக் கொண்டரவேணும்." இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். என் தலையும் ஆடப் பார்த்தது, பிடித்து நிறுத்தினேன். ஏனென்றால் இதே வசனத்தை 2013இல் நானும் சொன்னேன், அதுவும் உரத்துச் சொன்னேன்.

அந்த ஆடி மாதம் உங்களுக்கு மறந்திருக்காது. வடக்கு மாகாண சபைக்கு முதல் தேர்தல். உங்கள் கட்சி உட்பட ஐந்து கட்சிகள் சேர்ந்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் முதலமைச்சர் வேட்பாளர் மாவை சேனாதிராசாவா, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதியரசர் விக்னேஸ்வரனா என்று நாட்கணக்கில் இழுபறி. மாவை இளமையிலேயே சிறைக்குப் போனவர், உங்கள் கட்சியின் செயலாளர், யாழ்ப்பாணத்து எம்.பி. மற்றவர் கொழும்பில் பிறந்து, ரோயல் கல்லூரியில் படித்து, 2004இல் உயர் நீதிமன்றத்திலிருந்து ஓய்வுபெற்றவர். வயது 73. ஒரு கட்சி மேடையிலும் ஏறாதவர். எல்லோரும் ஒருமனதாகக் கேட்டால் மட்டும் வருவேன் என்று அவர் சொன்னதாகப் பத்திரிகைகள் எழுதின. கடைசியில் மாவை விட்டுக்கொடுக்க, கூட்டமைப்புத் தலைவர் சம்பந்தன் ஐயா விக்னேஸ்வரனின் பெயரை அறிவித்தார்.

அன்று ஊர் பேசிய பேச்சை நீங்கள் மார்ட்டின் வீதி அலுவலகத்துக்குள் இருந்து கேட்டிருக்க வழியில்லை. நான் சொல்கிறேன். படித்த சனம் பெரும்பாலும் சந்தோஷப்பட்டது. "நீதவான் ஐயா, காசுக்கு விலைபோக மாட்டார்." "இங்கிலீசும் தெரியும், சிங்களமும் தெரியும், டெல்லிக்காரன் மேசையில இருத்திக் கதைப்பான்." கனடாவில் இருக்கும் என் மச்சான் ஸ்கைப்பில் வந்து, இனித்தான் எங்களுக்கு ஒரு முகம் கிடைத்திருக்கிறது என்றான். மறுபக்கத்திலும் பேச்சு இருந்தது. கொழும்பு ஆள், போர்க் காலத்தில் எங்கே இருந்தவர், பதுங்கு குழி தெரியுமா, பிள்ளைகள் சிங்களக் குடும்பங்களில் மணம் முடித்திருக்கிறார்களாமே என்றெல்லாம் கேட்டார்கள். இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டவர்களோடு நான் சண்டையே பிடித்திருக்கிறேன். அதற்காக இன்றும் வெட்கப்படவில்லை. ஒருவரின் பிள்ளை யாரை மணந்தது என்பதை வைத்து அவரின் அரசியலை அளக்கும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது. அது போகவேண்டும்.

ஆனால் என் வாயை அடைத்தவர் வேறு ஒருவர். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் நண்பர், உங்கள் பழைய தொண்டர். எழுபதுகளிலிருந்து தேர்தலுக்குத் தேர்தல் பசை வாளியும் ஏணியும் தூக்கியவர். பத்திரிகையை விரித்துவைத்துப் படித்தார். பிறகு நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "நல்ல மனுசன்தான் மாஸ்டர். ஆனா எங்கட கூட்டத்தில ஒருநாளும் ஒரு கதிரையில வந்து இருக்கேல்லையே" என்றார். கோபம் ஒன்றும் இல்லை அந்தக் குரலில். மழை வரும்போல என்று சொல்வதுபோலச் சொன்னார். நான் அதைப் பொறாமை என்று எண்ணிக்கொண்டேன். கணக்கு மாஸ்டருக்கு அந்தக் கணக்கு அன்று பிழைத்துவிட்டது.

வெளியாள் என்ற சொல்லை வைத்துக்கொண்டு உங்களை மிரட்ட எனக்கு விருப்பமில்லை. உங்கள் கட்சியே வெளியில் பிறந்தது. 1949 டிசம்பர் 18இல் தமிழரசுக் கட்சி தொடங்கப்பட்ட இடம் கொழும்பு மருதானை. யாழ்ப்பாணத்தில் ஒரு வேப்பமரத்தடியில் அல்ல. கட்சியைத் தொடங்கிய தந்தை செல்வா, அதாவது செல்வநாயகம், பிறந்தது மலாயாவின் ஈப்போவில். சின்ன வயதில் தெல்லிப்பழைக்கு வந்தவர், பிறகு கொழும்பில் சிவில் வழக்குப் பேசிப் பெயரெடுத்தவர். கிறிஸ்தவர், வாக்களித்தவர்களில் பெரும்பாலானோர் சைவர்கள். இன்னும் சொல்லப்போனால், தமிழ்க் காங்கிரசை விட்டு அவர் வெளியே வந்ததே மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த விவகாரத்தில்தான். "அவர்கள் இந்த நாட்டு ஆட்கள் இல்லை" என்று அரசு சொன்னதை ஏற்க மறுத்து உண்டான கட்சி உங்களுடையது. யார் உள்ளாள், யார் வெளியாள் என்பதுதான் உங்கள் முதல் சண்டை.

1952 தேர்தலில் காங்கேசன்துறையில் நடந்ததை என் மாணவர்களுக்கு வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஈப்போவில் பிறந்த செல்வநாயகம் ஒருபக்கம். இந்தியாவில் பிறந்து, இங்கே வந்து, சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மருமகனான சு. நடேசபிள்ளை மறுபக்கம், ஐக்கிய தேசியக் கட்சியில். வென்றவர் நடேசபிள்ளை. மண்ணின் மைந்தர் கதை பேசுகிற எவருக்கும் அந்தத் தேர்தல் நல்ல மருந்து.

சரி, அப்படியானால் செல்வாவுக்கும் விக்னேஸ்வரனுக்கும் என்ன வித்தியாசம்? செல்வா தோற்றபின் கட்சியை விட்டுப் போகவில்லை. 1956இல் அதே தொகுதியில் வென்று வந்தார். சத்தியாக்கிரகத்தில் மண்ணில் இருந்தார், தடுப்புக்காவலில் இருந்தார், காது மந்தமாகி நடை தளர்ந்த பிறகும் கூட்டங்களுக்கு வந்தார். அவர் எங்கே பிறந்தார் என்பது நாளடைவில் எவருக்கும் ஒரு பொருட்டாக இல்லை, ஏனென்றால் வீட்டின் கூரை ஒழுகினால் அவர் தலையிலும் சொட்டியது. விக்னேஸ்வரனை நீங்கள் அப்படி வீட்டுக்குள் எடுக்கவில்லை. முன் விறாந்தையில் நல்ல கதிரை போட்டு இருத்தினீர்கள். அவரும் விறாந்தையே போதும் என்று இருந்துகொண்டார். ஐந்து கட்சிகளும் சேர்ந்து அழைத்ததால் வந்தவன் நான், ஒரு கட்சிக்குச் சொந்தமானவன் இல்லை என்பது பிறகு அவருடைய வாதம். அதை ஆணவம் என்றீர்கள். அழைத்தபோது அதைத்தானே விளம்பரமாகக் காட்டினீர்கள்? கட்சித் தூசு படாதவர் என்று சொல்லித்தானே எங்களிடம் வாக்குக் கேட்டீர்கள்?

நாங்களும் கொடுத்தோம். 2013 செப்டெம்பர் 21 காலை எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அன்று விடிய 'உதயன்' போலவே அச்சடித்த ஒரு போலிப் பத்திரிகை ஊரெல்லாம் போடப்பட்டிருந்தது. கூட்டமைப்பு வேட்பாளர் அனந்தி சசிதரன் அரசு பக்கம் சேர்ந்துவிட்டார் என்று அதில் செய்தி. முதல் நாள்தான் அவருடைய வீட்டைத் தாக்கியிருந்தார்கள். எங்கள் படலையிலும் ஒன்று கிடந்தது. மனைவி அதை எடுத்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எழுத்து உதயன்ர எழுத்து மாதிரி இல்லை" என்று சொல்லி அடுப்படிக்குக் கொண்டுபோனாள். வாக்குச்சாவடியில் வரிசை. வெயிலுக்குச் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு கிழவிகள் நின்றார்கள். கூட்டமைப்புக்கு 38இல் 30 ஆசனம். விக்னேஸ்வரனுக்கு 1,32,255 விருப்பு வாக்கு. அனந்திக்கு 87,870. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவர் கொழும்பு நீதியரசர். மற்றவர் காணாமல் ஆக்கப்பட்ட கணவனைத் தேடித் தெருவில் நின்ற ஒரு எழுதுவினைஞர். இருவருமே உங்கள் கட்சிக் கதிரையில் இருந்து தேய்ந்தவர்கள் இல்லை. சனம் அன்று என்ன சொன்னது என்று உங்களில் எவராவது உட்கார்ந்து யோசித்தீர்களா? வென்ற சந்தோஷத்தில் நேரம் கிடைத்திருக்காது.

பிறகு நடந்தவற்றை விரிவாக எழுதத் தேவையில்லை, உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தேர்தலுக்கு முன்பே, தமிழ்நாட்டுக் கட்சிகள் எங்கள் பிரச்சினையைப் பந்தாட வேண்டாம், இது கணவன் மனைவி சண்டைபோல என்று அவர் ஒரு பேட்டியில் சொல்ல, அங்கே கண்டனம் எழுந்தது. ஒக்டோபர் 7இல் அலரி மாளிகையில் மகிந்த ராஜபக்ச முன்னிலையில் பதவிப் பிரமாணம் எடுத்ததும் இங்கே முணுமுணுப்பு. சில நாளில் வீரசிங்கம் மண்டபத்தில் உறுப்பினர்கள் பதவியேற்றபோது அமைச்சுப் பதவிப் பங்கீட்டில் மனம் நொந்த சிலர் வரவே இல்லை. அதாவது கல்யாணத்தன்றே பந்தியில் சண்டை.

எனக்கு இன்றுவரை வியப்பாக இருப்பது ஒன்று. நிதானமானவர், தென்னிலங்கைக்கும் ஏற்புடையவர் என்று நீங்கள் கொண்டுவந்த மனிதர்தான் 2015 பெப்ரவரி 10இல் இனப்படுகொலைத் தீர்மானத்தைச் சபையில் கொண்டுவந்தார். கடும்போக்கு என்று கொழும்பு சொன்னது. உங்களில் சிலருக்கும் அது தொண்டையில் சிக்கியது. ஊரிலோ, அன்றுவரை அவரைக் கொழும்பு ஆள் என்று திட்டிய வாய்கள் எல்லாம் ஒரே நாளில் "ஐயா" என்றன. அதே வேளை, படித்தவர் என்று முதலில் கைதட்டிய என்போன்றவர்கள் "மனுசன் நிர்வாகத்தைப் பார்க்கிறதில்லையே" என்று முனகத் தொடங்கினோம். சபை கூடிய கைதடியில் தீர்மானங்களுக்குக் குறைவில்லை. மாகாணத்துக்கென்று சபை இயற்றவேண்டிய நியதிச் சட்டங்கள்தான் குறைவு. இரண்டு பக்கமும் இடம் மாறிவிட்டது, மனிதர் மட்டும் அதே மனிதர். வெளியிலிருந்து வருபவரைப் பற்றி எங்களுக்கு எதுவும் தெரியாது. அதனால் ஆளுக்காள் தனக்கு வேண்டிய முகத்தை அவருக்கு வரைந்துகொள்கிறோம். பிறகு அந்தப் படம் பிழைத்துவிட்டது என்று அவரையே கோபிக்கிறோம்.

2015 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் உங்களுக்காக மேடையேறவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள், அவரை இணைத்தலைவராகக் கொண்டு, தமிழ் மக்கள் பேரவை என்ற அமைப்பு வந்தது. 2017 ஜூனில், மாகாண அமைச்சர்கள் மீதான குற்றச்சாட்டுகளை விசாரித்த குழுவின் அறிக்கையை வைத்து இரண்டு அமைச்சர்களைப் பதவி விலகச் சொன்னார், மற்ற இருவரை விடுப்பில் போகச் சொன்னார். நீங்கள் இரவோடு இரவாக ஆளுநரிடம் நம்பிக்கையில்லாப் பிரேரணையைக் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். இதைத்தான் என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை. ஆளுநர் என்பவர் கொழும்பு அனுப்பிய ஆள். அதிகாரம் அவரிடம் குவிந்திருக்கிறது என்று மேடை மேடையாகச் சொன்ன கட்சி, தன் வீட்டுச் சண்டையைத் தீர்க்க அவருடைய கதவைத்தான் தட்டியது. சட்டப்படி அங்கேதான் கொடுக்கவேண்டும் என்பீர்கள். சரி. ஆனால் கொடுத்த நேரம் இரவு.

அடுத்த நாட்களில் கடையடைப்பு. என் பேரனுக்குப் பாண் வாங்கப் போனேன், பேக்கரி பூட்டு. வாசலில் நின்ற பெடியன், "முதலமைச்சருக்காகப் பூட்டியிருக்கிறம் தாத்தா" என்றான், ஏதோ திருவிழாச் செய்தி சொல்வதுபோல. நல்லூர்ப் பக்கம் அவருக்கு ஆதரவாக இளைஞர்கள் திரண்டார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அந்த அமைச்சர்கள் செய்ததாகச் சொல்லப்பட்ட பிழை என்னவென்று தெரியும்? எனக்கே அறிக்கை முழுவதும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கட்சிக்காரர் எல்லாம் சேர்ந்து வெளியாளை விழுத்தப் பார்க்கிறார்கள். நீங்கள் அழைத்து வந்த விருந்தாளி அந்த இரவோடு ஊருக்கு வீரனாகிவிட்டார். நீங்களோ, சொந்த வீட்டில் வில்லன். பிரேரணையைத் திரும்பப் பெற்றீர்கள். மானம் திரும்பவில்லை.

2018 ஒக்டோபர் 24இல், சபையின் கடைசி நேரத்தில், அவர் தமிழ் மக்கள் கூட்டணி என்ற தன் புதுக் கட்சியை அறிவித்தார். 2020இல் அந்தக் கட்சிக்கு ஒரு ஆசனம், அவருடையதே. கூட்டமைப்பு 16இலிருந்து 10க்கு இறங்கியது. ஒரு ஆளால்தான் இறங்கியது என்று சொல்ல நான் தயாரில்லை. ஆனால் ஐந்து வருடம் சனம் பார்த்த கூத்தும் அந்தக் கணக்கில் எங்கோ இருக்கிறது.

பழங்கதையை ஏன் கிளறுகிறீர்கள் என்று கேட்பீர்கள். 2024 ஜனவரி 21இல் திருகோணமலையில் நீங்கள் தலைவரைத் தெரிவு செய்தீர்கள். முதல்முறையாக வாக்கெடுப்பு. சிறீதரனுக்கு 184, சுமந்திரனுக்கு 137. அன்று நான் உண்மையாகவே மகிழ்ந்தேன். யார் வென்றார் என்பதற்காக இல்லை. ஒரு தமிழ்க் கட்சி தன் ஆட்களிடம் கேட்டதே என்பதற்காக. அப்போதும் அதே பேச்சுத்தான் வந்தது. ஒருவர் கிளிநொச்சி மண்ணின் ஆள், மற்றவர் 2010இல் தேசியப் பட்டியலால் வந்த கொழும்பு வழக்கறிஞர். பதினான்கு வருடம் கட்சிக்குள் இருந்து, யாழ்ப்பாணத்தில் இரண்டு முறை வாக்குக் கேட்டு வென்ற ஒருவர் இன்னும் வெளியாளா? அவருடைய அரசியலோடு எனக்குப் பல இடங்களில் உடன்பாடில்லை, ஆனால் அந்தப் பட்டம் நியாயமில்லை. வாக்கெடுப்பில் தோற்றதை உறுப்பினர்கள் கொடுத்த தீர்ப்பாக எடுக்கலாம், பிறப்பிடத்தைப் பற்றிய தீர்ப்பாக எடுக்கமுடியாது. சரி, தெரிவு நடந்தது, பிறகு என்ன? சில கிழமைக்குள் வழக்கு, தடையுத்தரவு. கட்சித் தலைமைக்கு நீதிமன்றப் படியேறினீர்கள். அந்த நவம்பரில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் தேசிய மக்கள் சக்தி மூன்றை எடுத்துக்கொண்டு போனது. உங்களுக்கு ஒன்று. தெற்கிலிருந்து வந்த ஒரு கட்சியை இந்தச் சனம் வெளியாள் என்று பார்க்கவில்லை. உங்களைத்தான் அன்னியமாகப் பார்த்தது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முதலமைச்சர் வேட்பாளராக நீங்கள் ஒரு பேராசிரியரைக் கொண்டுவரலாம், வைத்தியரைக் கொண்டுவரலாம், இன்னொரு நீதியரசரைக்கூடக் கொண்டுவரலாம். தடையில்லை. ஆனால் பெயரைக் கொழும்பில் ஒரு வீட்டு விறாந்தையில் முடிவுசெய்து எங்களுக்குப் பத்திரிகையில் சொல்லவேண்டாம். அவரைப் பெயரிட முன்பே கட்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர விருப்பமில்லை, கறைபட்டுவிடும் என்று அவர் சொன்னால், அந்தக் கறை உண்மையா என்று முதலில் உங்களையே கேளுங்கள், பிறகு அவரை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு தொகுதிக் கிளைக்கும் அவர் வரட்டும். பிளாஸ்ரிக் கதிரையில் இருக்கட்டும். வலிகாமம் வடக்கில் இராணுவத்திடமிருந்து காணி விடுபடாதவர் ஒருவரும், மீன்பிடிச் சங்கத்துக்காரர் ஒருவரும், வேலையில்லாத பட்டதாரி ஒருவரும் கேட்கிற கேள்விக்கு மைக் இல்லாமல் பதில் சொல்லட்டும். அமைச்சர்களை நியமிப்பதும் நீக்குவதும் யார் கையில், கட்சி சொன்னால் அவர் கேட்கவேண்டியது எதில், கேட்கத் தேவையில்லாதது எதில் என்பதைத் தேர்தலுக்கு முன்பே எழுதிக் கையெழுத்து வையுங்கள். எங்கள் ஊரில் தோட்டக் காணியைக் குத்தகைக்குக் கொடுப்பதற்கே முத்திரையில் எழுதுகிறோம். ஒரு மாகாணத்தை வாய்ப்பேச்சில் கொடுத்தீர்கள்.

அப்புறம், விட்டுக்கொடுத்தவரை மறந்துவிடாதீர்கள். 2013இல் மாவை விட்டுக்கொடுத்தார், அடுத்த வருடம் கட்சித் தலைவரானார், 2025 ஜனவரியில் காலமானார். அவரைச் சாவீட்டில் புகழ்ந்த அளவுக்கு அந்த ஆடி மாதத்தில் எவரும் புகழ்ந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அவர் முதலமைச்சராகியிருந்தால் நன்றாக நடந்திருக்கும் என்றும் நான் சொல்லவில்லை. வெளியாளுக்குக் கைதட்டுகிற சத்தத்தில் உள்ளே இருந்தவருக்கு ஒரு நன்றி சொல்ல உங்களுக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

எங்கள் பங்குக்கு ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். என்போன்ற படித்த சனத்துக்கு வெளியாள் பிடிப்பதற்கு ஒரு காரணம் சோம்பல். கட்சி அழுக்கு என்று தள்ளி நிற்போம்; கிளைக் கூட்டத்துக்குப் போக மாட்டோம், உறுப்புரிமைப் பணம் கட்ட மாட்டோம். பிறகு உள்ளே நல்ல ஆள் இல்லை என்று தேநீர்க் கடையில் குறைசொல்வோம். முப்பது வருடத்தில் உங்கள் கிளைக் கூட்டம் ஒன்றுக்கும் நான் போனதில்லை. எங்கே நடக்கிறது என்றே தெரியாது. கேட்டுப் பார்த்ததும் இல்லை.

போன ஞாயிறு நண்பரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். பசை வாளி இன்னும் கிணற்றடியில் இருக்கிறதாம், இப்போது கோழிக்குத் தண்ணீர் வைக்கிறாராம். அடுத்த கூட்டத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறார். எனவே கூட்டம் எப்போது, எந்த இடம் என்பதைக் கொஞ்சம் முன்கூட்டியே எங்கள் சனசமூக நிலையப் பலகையில் ஒட்டிவிடுங்கள். அவருக்கு முழங்கால் வலி, நெடுநேரம் நிற்கமாட்டார். கதிரை இரண்டு போட்டுவைத்தால் போதும்.

இப்படிக்கு,
கோண்டாவிலில் இருந்து ஒரு வாக்காளன்